மூச்சை இரவல் தருகிறவர்கள்

தியானப் பகுதி: 2 நாளாகமம் 5:11–14



 இவ்வாரத் தியானத்தை ஓர் அடக்க ஆராதனையிலிருந்து தொடங்குகிறேன்.

வடக்கனந்தல் பகுதியில் முதியவர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வீட்டில் ஜெபம் முடிந்ததும் பேண்டு வாத்தியக் குழுவினர் முன்செல்ல ஊர்வலம் புறப்பட்டது. இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு யூபோனியம், பெரிய டிரம், சிறிய டிரம், அவ்வளவே. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தாமல் கல்லாய்ச் சமைந்திருந்த அவருடைய மனைவி, நம் ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டைக் கிளாரினெட் எடுத்த மாத்திரத்தில் வாய்விட்டு அழுதார். நான் அரைமணி நேரம் திருமறை வாசித்து ஆறுதல் சொன்னபோது வராத கண்ணீர், நான்கே வரி மெட்டில் வந்தது. பின்னர் ஆலயத்துக்குள் நம் பாடகர் குழுவினர் அதே பாட்டை நான்கு குரல்களில் பாடினார்கள். கேட்டவர்கள் மட்டுமல்ல, பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளே தழுதழுத்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பேண்டு குழுவினர் வளாகச் சுவருக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வரவேண்டாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. போதகனாகிய நானும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ அடக்க ஊர்வலங்களின் பின்னே நடந்திருக்கிறேன். ஒருமுறையேனும் இது என் கண்ணில் படவில்லை என்பதே என்னை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது.

இரண்டு கேள்விகள் எழுந்தன. பலர் கூடிப் பாடுவதும், பலர் கூடி ஊதுவதும் பாடுகிறவரையும் கேட்கிறவரையும் ஏன் இவ்வளவு ஆழமாய் அசைக்கின்றன? அவ்வாறு நம்மை அசைத்தவர்கள் ஏன் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்? இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும்.

ஆலயத்தை நிரப்பிய ஒலி

சாலொமோன் கட்டிய ஆலயத்தில் உடன்படிக்கைப் பெட்டி கொண்டுவந்து வைக்கப்பட்ட நாளை நாளாகமக்காரர் விவரிக்கும் விதத்தைப் பாருங்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் வழிவந்த பாடகரான லேவியர் மெல்லிய வஸ்திரம் தரித்துப் பலிபீடத்துக்குக் கிழக்கே நிற்கிறார்கள். அவர்களோடு 120 ஆசாரியர் பூரிகைகளுடன் நிற்கிறார்கள். அதாவது, ஒரு பெரிய பாடகர் குழுவும் ஒரு பெரிய ஊதுவாத்தியக் குழுவும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஊதுகிறவர்களும் பாடுகிறவர்களும் ஒருவரே எழுப்பும் சத்தத்தைப்போல ஒருமித்து ஒலித்தபோது மேகம் ஆலயத்தை நிரப்பிற்று. ஊழியம் செய்ய ஆசாரியரால் நிற்கவும் கூடாமற்போயிற்று.

இதற்குச் சற்று முன்னர், 11ஆம் வசனத்தில், நாம் எளிதில் கடந்துவிடும் குறிப்பு ஒன்று உண்டு. அன்று வந்திருந்த ஆசாரியர் அனைவரும் தங்கள் வகுப்பு முறைகளைப் பாராமல் தங்களைச் சுத்திகரித்துக்கொண்டார்கள் என்பதே அது. ஆலயப் பணிக்கு அவர்களிடையே முறைவரிசை இருந்தது. இது நம் நாட்டுச் சாதிப் பிரிவு போன்றதன்று. அப்படிப் பொருள்கொள்வது வேதபாடத்துக்குச் செய்யும் அநீதி. ஆயினும் அந்நாளில் எவரும் தம் முறை வரட்டும் என்று வெளியே காத்திருக்கவில்லை. எல்லாரும் உள்ளே வந்தார்கள். அதற்குப் பின்னரே ஒலி ஒன்றாயிற்று. அதற்கும் பின்னரே மேகம் இறங்கிற்று. வரிசை இதுதான்.

மூச்சின் கூட்டுறவு

எபிரெய மொழியில் காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் ‘ரூவா’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. மண்ணினால் உருவாக்கிய மனிதனுக்குள் தேவன் ஜீவசுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமம் தொடங்குகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் சீடர்மேல் ஊதியதாக யோவான் எழுதுகிறார். பாட்டும் பேண்டும் மூச்சினால் ஆனவை. வீணையின் நரம்பு விரலுக்கு அசைகிறது. பாட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் நெஞ்சுக்கூட்டின் காற்றே வேண்டியிருக்கிறது.

பாடகர் குழுவை நடத்தியவர்கள் ஒரு நுணுக்கத்தை அறிவார்கள். நீண்ட சுரம் ஒன்றைத் தனியொருவர் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? சில நொடிகளில் மூச்சு முட்டும். ஆனால் முப்பது பேர் சேர்ந்தால் அந்தச் சுரம் முடிவில்லாமல் நீளும். ஒருவர் மூச்சு வாங்கும்போது அருகிலிருப்பவர் பாடுகிறார். அவர் ஓயும்போது இவர் தொடர்கிறார். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக்கூடாது என்பதே விதி. பேண்டு குழுவிலும் அப்படியே. கேட்கிறவர்களுக்கு அறுபடாத ஒரே ஒலி கேட்கிறது. உண்மையில் அங்கே ஒருவருக்கொருவர் மூச்சை இரவல் தந்துகொண்டிருக்கிறார்கள்.

2013இல் சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்கோஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டு வயது மாணவர் பதினைந்து பேரைச் சேர்ந்து பாடச்செய்து அவர்களுடைய இதயத்துடிப்பைப் பதிவுசெய்தார்கள். பாட்டின் சொற்றொடர்கள் மூச்சை ஒழுங்குபடுத்த, மூச்சின் ஒழுங்கு இதயத்தைத் தொட, பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கத் தொடங்கியதைக் கண்டார்கள். ஒருமனம் என்று நாம் சொல்வதற்கு உடலிலும் ஒரு தடம் இருக்கிறது. நம் தொல்காப்பியர் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாகப் பகுத்து, அதற்கென ஓர் இயலையே வகுத்தவர் அவர். அழுகையும் அதில் உண்டு. வியப்பாகிய மருட்கையும் உண்டு. நல்ல கூட்டிசையைக் கேட்கும்போது இவ்விரண்டும் ஒரே சமயத்தில் நம்மைப் பற்றிக்கொள்கின்றன. மெய் சிலிர்க்கிறது, கண்ணும் நிறைகிறது.

நம் காலத்து இசையமைப்பாளர்களும் இதை அறிந்தே எழுதுகிறார்கள். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களின் நினைவாக ஃபிராங்க் டிகெலி என்பவர் ‘அமெரிக்கன் எலஜி’ என்னும் இரங்கல் இசையைப் பேண்டு குழுவுக்கென இயற்றினார். 2000 ஏப்ரலில் அதை முதன்முதலாக வாசித்தவர்கள் கைதேர்ந்த தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். அதே பள்ளியின் மாணவர் பேண்டு குழுவினர். அதில் ஒரு டிரம்பெட் மட்டும் மேடைக்கு வெளியேயிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் குரல்போல ஒலிக்கும். தோழரை இழந்த பிள்ளைகள் தங்கள் மூச்சைக் கொடுத்து அதை வாசித்ததை எண்ணிப் பாருங்கள். துக்கத்தைப் பேசச் சொல்லியிருந்தால் அவர்களால் பேசியிருக்க முடியுமா? ஊத முடிந்தது.

மூச்சைப் பகிர்வது ஆபத்தும் ஆகலாம் என்பதை 2020 நமக்குக் கற்பித்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் மார்ச் 10 அன்று பாடற்பயிற்சிக்குக் கூடினார்கள். அவர்களில் 53 பேர் கொரோனாவால் பாதிக்கப்பட்டார்கள், இருவர் மரித்தார்கள். உலகெங்கும் பாடகர் குழுக்கள் வாயை மூடின. நம் ஆலயங்களும் மௌனமாயின. பத்தாண்டுகளுக்கு முன்பே, 2010இல், எரிக் விட்டக்கர் என்னும் இசையமைப்பாளர் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பாடகர்களைத் தத்தம் வீட்டிலிருந்தே தனித்தனியாகப் பாடிப் பதிவுசெய்யவைத்து, அவற்றை ஒன்றாக இணைத்திருந்தார். பாடகர் குழுவுக்கென எழுதிய அதே படைப்பைப் பேண்டு குழுவுக்கும் அமைத்துக் கொடுத்தவர் அவர். ஊரடங்கு நாட்களில் அந்த வழியைப் பல சபைகளும் பின்பற்றின. அது நமக்கு ஆறுதல் தந்தது உண்மை. ஆனால் மீண்டும் ஆலயத்தில் கூடி முதல் பாட்டைப் பாடிய ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் ஓசை கேட்டதே, அதற்காகத்தான் ஏங்கியிருந்தோம் என்று அன்று அறிந்துகொண்டோம்.

தரங்கம்பாடியும் தஞ்சையும்

இந்தக் கூட்டிசை நம் சபைகளுக்கு வந்த வழியைச் சற்று நினைவுகூர்வோம். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். வேதத்தைத் தமிழாக்கும் பணியோடு செர்மானியச் சபைப் பாடல்களைத் தமிழாக்கும் பணியும் தொடங்கிற்று. பின்வந்த பெப்ரீசியுஸ் ஐயர் (1711–1791) வேத மொழிபெயர்ப்பில் பேர்பெற்றவர். ஞானப்பாட்டுகளைத் தந்தவரும் அவரே. செர்மானிய மெட்டு அழுத்தத்தால் நடக்கும். தமிழ்ச் சொல் குறில் நெடிலால் நடக்கும். இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவது எளிதன்று. நெடில் வரவேண்டிய இடத்தில் குறில் வந்து நாக்கு இடறும் இடங்களை நாம் இன்றும் பாடுகிறோம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பாடிப்பாடி அந்த மெட்டுகள் நம்முடையவை ஆகிவிட்டன. பிறக்கும்போதும் இறக்கும்போதும் அவை நம் வாயில் வருகின்றன.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நகரம் இசைகள் கூடும் சந்தியாயிற்று. சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798) இருவருக்கு ஆசிரியராயிருந்தார். ஒருவர், பின்னாளில் அரசராகிய இரண்டாம் சரபோஜி (1777–1832). மற்றவர், பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதளவில் அவரோடு வந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்தார். ஆயினும் தம் ஆசிரியருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் எழுப்பினார். மேற்கத்திய இசையில் ஆர்வங்கொண்டு அரண்மனையில் பேண்டு குழு ஒன்றையும் வைத்திருந்தார். அக்காலத்து மேற்கத்திய இசைக் குறிப்புச் சுவடிகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. சாஸ்திரியாரோ கர்நாடக இராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வழியாக அவருடைய பாடல்கள் தென்மாவட்டச் சபைகளெங்கும் பரவின. ஞானப்பாட்டு ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று நம் வழிபாடு இரு சிறகு பெற்றது இவ்வாறுதான்.

ஊதுவாத்தியங்கள் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளோடு வந்தவை. சென்னைப் பக்கம் மணலியில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர், ஜார்ஜ் கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வரங்கள் என்று அவை வழங்குகின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டுக்கும் அவர் அம்பிகைமேல் ஒரு பாடல் அமைத்திருக்கிறார். காலப்போக்கில் கிளாரினெட் நாட்டியக் கச்சேரிக்குள் நுழைந்தது. பேண்டு குழுக்கள் சமஸ்தானங்களிலும் காவல்துறையிலும் பள்ளிகளிலும் எழுந்தன. பின்னர் கல்யாண ஊர்வலத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் வந்து சேர்ந்தன. இசைக்கு எல்லை கடக்கத் தெரியும். செர்மானியன் மெட்டைத் தமிழன் பாடினான். ஆங்கிலேயன் மெட்டை அம்பிகையின் அடியார் பாடினார். நம் ஞானப்பாட்டை, ஒருவேளை நம் சபையைச் சேராத ஒரு சகோதரர் கிளாரினெட்டில் வாசிக்கிறார்.

பாட்டு கடந்த எல்லையை மனிதர் கடந்தாரா?

இங்கேதான் வரலாறு நம்மை வேதனைப்படுத்துகிறது. சாஸ்திரியாரின் பாடல்களால் ஆவிக்குரிய ஆறுதல் பெற்றவன் நான். ஆனால் உண்மையை மறைக்க எனக்கு உரிமையில்லை. 1829இல் அவர் புதிய மிஷனெரிமாரின் கொடுமைகள் என்று நான்கு காரியங்களைப் பட்டியலிட்டு எதிர்த்தார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. திருமணத்திலும் அடக்கத்திலும் மலர்களைத் தடுப்பது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து நீக்குவது ஒன்று. இம்மூன்றிலும் அவர் பக்கம் நியாயம் உண்டென்று இன்று நாம் சொல்லக்கூடும். நான்காவது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாய்க் கலந்து உட்காரவைப்பது. அதையும் அவர் கொடுமையென்றே எண்ணினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள்.

ஒரே மனிதர். தமிழ் இராகத்தை ஆலயத்துக்குள் கொண்டுவரப் போராடினார். சக விசுவாசி ஒருவர் தம் அருகே அமர்வதைத் தடுக்கவும் போராடினார். அவரை நியாயந்தீர்க்க நான் இதை எழுதவில்லை. இசையால் அசைக்கப்படுவது மட்டும் நம்மைப் புதிய மனிதராக்கிவிடாது என்பதை அறியவே எழுதுகிறேன். கண்ணீரோடு பாடிவிட்டு, அதே கண்ணீரோடு தனித்தனி வாசல் வழியே வெளியே போக மனிதனால் முடியும்.

தொலைவிலுள்ள பழங்கதை என்று எண்ணவேண்டாம். இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததும் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்ததுமான எறையூரில், 2008 மார்ச் 9 அன்று நடந்ததை நம்மில் பலர் அறிவோம். கிறிஸ்தவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே சாதியின் பேரால் எழுந்த மோதலில் காவல்துறை துப்பாக்கியால் சுட, இருவர் உயிரிழந்தார்கள். அந்தப் பிணக்கின் நடுவே இருந்த காரியங்களில் ஒன்று, ஒடுக்கப்பட்டோரின் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பது. அது வேறு சபையின் கதை என்று ஒதுங்குவதற்கு, தஞ்சையையும் வேப்பேரியையும் மரபாகக் கொண்ட நமக்கு வாய் இல்லை.

வாத்தியங்களுக்கும் இந்த நோய் தொற்றியது. பறை தோலால் ஆனது என்பதனால் அதைத் தொடுவோர் இழிவென்றார்கள். ஊதுவாத்தியம் எச்சில் படுவது என்று அதற்கும் ஒரு தாழ்வு கற்பித்தார்கள். கோவிலில் இறைவன் புறப்பாட்டுக்கு முன்செல்லும் நாதஸ்வரக்காரரே மேலாடையின்றி நின்றபடி வாசிக்கவேண்டியிருந்த காலம் இருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதை ஏற்கவில்லை. கோட்டு அணிந்தார், மற்ற வித்துவான்களைப்போல மேடையில் அமர்ந்து வாசித்தார். அமர்வது சிறிய காரியம் போலத் தோன்றும். நிற்கவைக்கப்பட்டவருக்கே அதன் மதிப்பு தெரியும்.

நம் திருச்சபையில் இக்கேள்வியை நேர்நின்று சந்தித்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005). பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியர். கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் அறிந்திருந்தும், நாட்டுப்புற இசையில் ஒரு முழு வழிபாட்டு முறையை இயற்றினார். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தை அவர் ‘ஒரே உலை’ என்ற கிராமத்து வழக்கால் விளக்கினார்: ஒரே உலையில் பொங்கியதை எல்லாரும் சேர்ந்து உண்பது. பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்று கேட்டார். என் இறையியல் கல்வியின் நாட்களில் இதைப் பரீட்சைக்குரிய பாடமாகப் படித்தேன். வேப்பமரத்தடியில் நின்றவர்களைப் பார்த்த பிறகே அது என்னை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி என்று உணர்ந்தேன்.

ஆம், இரண்டு கேள்விகளும் ஒன்றே. கூட்டிசை நம்மை அசைப்பதற்குக் காரணம், ஒருவர் மூச்சு ஒருவருக்குப் போதாது என்ற உண்மையை அது நம் உடலுக்கே உணர்த்துவது. அந்த உண்மையால் அழுதுவிட்டு, மூச்சு தந்தவரை வெளியே நிறுத்துவது, பாடியதை மறுதலிப்பது.

மறுமுறை

சில வாரங்கள் கழித்து மற்றோர் அடக்கம் வந்தது. இம்முறை ஊர்வலம் ஆலய வாசலை அடைந்ததும் பேண்டு குழுவினரிடம் போய், “உள்ளே வந்து உட்காருங்கள். பாடகர் குழுவோடு சேர்ந்து வாசியுங்கள்” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவரான கிளாரினெட்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தயங்கினார். “நடந்துகிட்டே வாசிச்சுப் பழகிட்டோம், ஐயா. உக்காந்து வாசிச்சதில்ல” என்றார்.

எல்லாம் இனிதாய் நடந்தேறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நம் கீபோர்டின் சுருதியும் அவர்களுடைய வாத்தியங்களின் சுருதியும் பொருந்தவில்லை. முதல் சரணத்தில் கேட்கச் சகிக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி கையை எடுத்துவிட்டார். பாடகர் குழு கிளாரினெட்டைக் கேட்டுத் தன் சுருதியை மாற்றிக்கொண்டது. நடைக்கு ஏற்ப வேகமாய் வாசித்துப் பழகியவர்கள் நமக்காக நிதானித்தார்கள். இழுத்துப் பாடிப் பழகிய நாம் அவர்களுக்காகச் சற்று விரைந்தோம். மூன்றாம் சரணத்தில்தான் ஒன்றானோம். ஆராதனைக்குப் பின் மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “இதெல்லாம் தேவையா ஐயா?” என்று கேட்டார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அன்று மதியம் எல்லாருக்கும் ஒரே பந்தியில் இலை போடப்பட்டது.

மேகம் இறங்கியதா என்று கேட்காதீர்கள். அது கர்த்தருடைய வேலை. எல்லாரையும் உள்ளே வரச்சொல்வது நம்முடைய வேலை.

அன்பானவர்களே, இந்த வாரம் உங்கள் சபையின் பாட்டைக் கேட்கும்போது ஒரு கணம் கண்ணைத் திறந்து பாருங்கள். யார் பாடுகிறார்கள்? யாருடைய குரல் அங்கே இல்லை? உங்கள் வீட்டுத் துக்கத்தில் உங்களுக்காக ஊதியவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வந்து பின்வரிசையில் தயங்கி நிற்கும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பாடகர் குழுவில் இடம் உண்டா? விடை சொல்வதற்கு முன் நானும் உங்களோடு தலைகுனிகிறேன்.

ஜெபிப்போம்:

எங்கள் நாசியில் சுவாசம் தந்த ஆண்டவரே, நாங்கள் பாடிய பாட்டுக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இருந்த தூரத்தை மன்னியும். எங்களுக்காக மூச்சு தந்தவர்களை நாங்கள் வாசலில் நிறுத்திய நாட்களை மன்னியும். ஒருவர் ஓயும்போது மற்றவர் தாங்கும் சபையாக எங்களை மாற்றும். சீடர்மேல் ஊதின அதே ஆவியை எங்கள்மேலும் ஊதியருளும். இயேசு கிறிஸ்துவின் வழியாய் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.